நூறு விழுக்காடு வரும்வரை தொடாதே

வானொலிக்காரர்களுக்கு மௌனம்தான் பெரிய பயம். சில விநாடி சத்தம் வராவிட்டால் நேயர் அலைவரிசையை மாற்றிவிடுவார் என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்திருக்கிறார்கள். அதனால்தான் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை நிகழ்ச்சியின் நடுவே, பாடல் ஓடிக்கொண்டிருந்த கணினித் திரை திடீரென்று நீலமாகிச் சோக முகம் காட்டியதும், என் கை நேராக மின்விசைக்குப் போனது.

“தொடாதே தம்பி!” என்று கையைப் பிடித்துக்கொண்டார் எங்கள் தொழில்நுட்ப அண்ணன். திரையில் ஓர் எண் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. 10 விழுக்காடு, 15 விழுக்காடு. “அது எழுதிக்கிட்டு இருக்கு. நூறு வரட்டும்.” மைக் தனி இணைப்பு என்பதால் தப்பித்தேன். மழை, சாலை நெரிசல், காலையில் வீட்டில் வைத்த சாம்பார் என்று ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசித் தள்ளினேன். மனத்துக்குள் அவரைத் திட்டிக்கொண்டுதான்.

அந்த மாதத்தில் அது நான்காவது முறை. முந்தைய மூன்று முறையும் அவசரமாக மின்சாரத்தை நிறுத்தி, மீண்டும் இயக்கினோம். பழி முழுவதும் பகுதி நேரமாக வந்துகொண்டிருந்த ஒரு கல்லூரி மாணவிமேல் விழுந்தது. அவள் அந்தக் கணினியில் கைப்பேசியைச் செருகி ‘சார்ஜ்’ போடுவாள். அதனால்தான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டோம். எல்லாரிலும் நானும் உண்டு. அடுத்த மாத அட்டவணையில் அவளுக்கு வேலை கொடுக்க வேண்டாம் என்ற பேச்சும் நடந்தது.

நாம் பயன்படுத்தும் செயலிகள் எல்லாவற்றுக்கும் அடியில் ‘கெர்னல்’ என்ற கரு நிரல் ஓடுகிறது. நினைவகம், வட்டு, விசைப்பலகை எல்லாம் அதன் பொறுப்பு. ஒரு செயலி தவறு செய்தால் கெர்னல் அதை மட்டும் மூடிவிடும். ஆனால் கெர்னலுக்குள்ளேயே, அல்லது அதே அதிகாரத்தோடு ஓடும் ‘டிரைவர்’ ஒன்றில் பிழை வந்தால்? கடையின் பேரேடே கலைந்துபோன நிலை அது. தெரிந்தும் அதில் தொடர்ந்து எழுதினால் வட்டில் இருக்கும் நல்ல கோப்புகளும் கெடலாம். அதனால் விண்டோஸ் மொத்தமாக நின்றுவிடுகிறது.

நிற்பதற்குமுன் அது செய்யும் வேலைதான் என்னை வியக்க வைத்தது. அந்த நொடியில் நினைவகத்தில் இருந்ததை வட்டில் எழுதி வைக்கிறது. வழக்கமான கோப்பு முறையைக்கூட அப்போது நம்ப முடியாதே! அதனால் முன்பே குறித்து வைத்த இடத்தில் நேரடியாக எழுதுகிறது. மீண்டும் இயங்கும்போது அதை ஒழுங்கான கோப்பாக மாற்றிக்கொள்கிறது. பாதியில் மின்சாரத்தை நிறுத்தினால் அந்தக் கடிதம் பாதியோடு போயிற்று. (2025இல் மைக்ரோசாப்ட் அந்தத் திரையைக் கறுப்பாக்கி, சோக முகத்தையும் எடுத்துவிட்டது. எனக்கு அந்த முகம் பிடிக்கும்.)

லினக்ஸ் வேறு ரகம். பெரும்பாலும் ‘ஊப்ஸ்’ என்று ஒரு குறிப்பு எழுதி, சிக்கலில் மாட்டிய செயல்பாட்டை மட்டும் கொன்றுவிட்டு, தன்மேல் ஒரு கறைக் குறியும் போட்டுக்கொண்டு தொடரும். வேறு வழியே இல்லை என்றால்தான் ‘பேனிக்’. சின்னச் சந்தேகத்துக்கெல்லாம் கணினியை நிறுத்தும்படி நிரல் எழுதுபவர்களை லினஸ் டோர்வால்ட்ஸ் பல ஆண்டுகளாகக் கண்டித்து வருகிறார். வானொலிக்காரன் என்ற முறையில் நான் அவர் கட்சி. ஆனால் என் சம்பளக் கணக்கு ஓடும் கணினி முதல் ஊப்ஸிலேயே நிற்கட்டும். அதற்கும் லினக்ஸில் அமைப்பு உண்டு.

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? நம் நேரப்படி நண்பகல் 12.09க்கு கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் ஒரு சிறிய கோப்பை அனுப்பியது. அதன் நிரல் 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது, வந்தவை 20. இல்லாத 21ஆவதைத் தேடிப் படிக்கப்போன அதன் டிரைவர் தடுக்கி விழுந்தது. மைக்ரோசாப்ட் கணக்குப்படி சுமார் 8.5 மில்லியன் கணினிகள் வீழ்ந்தன. சாங்கியில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கைப்படப் பதிவு செய்தன. 78 நிமிடத்தில் அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றும் பயனில்லை. விழுந்த கணினி எழும்போதே அதே கோப்பைப் படித்து மறுபடி விழுந்தது. பல இடங்களில் ஊழியர்கள் ஒவ்வொரு கணினியாகத் தேடிப்போய் அதை அழித்தார்கள். சைபர் தாக்குதலோ என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்த வேளையில், பல நீலத் திரைகளில் அந்த டிரைவரின் பெயர் எழுதியே இருந்தது.

உங்கள் வீட்டு மடிக்கணினி இப்படி நின்றால், விசையைத் தேடாமல் திரையைக் கைப்பேசியில் படம் எடுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் குறியீடு பழுதுபார்ப்பவருக்குப் பாதி வேலை.

எங்கள் கணினி எழுதிய கடிதத்தை அண்ணன் மறுநாள் திறந்தார். குற்றவாளி, ஒலி அட்டையின் டிரைவர். அந்த மாதத் தொடக்கத்தில் நாங்களே ஆசையாகப் புதுப்பித்தது. பழையதைத் திரும்பப் போட்டதும் நீலத் திரை வரவில்லை.

அந்த மாணவியைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். “அண்ணா, நான் அதுல சார்ஜ் போடுறதையே விட்டு ரெண்டு வாரம் ஆச்சு. யாருமே கேக்கல” என்றாள்.