கூரையில் விளையும் மின்சாரமும் ஆராய்ச்சியின் கடமையும்

பெரிய நிலையங்களில் மின்சாரத்தை ஆக்கித் தொலைதூரம் அனுப்பும் முறையோடு, ஆங்காங்கே ஆக்கி ஆங்காங்கே பயன்படுத்தும் முறையும் இன்று வளர்ந்து வருகிறது. ஒரு கோடி இல்லங்களின் கூரைகளில் சூரியத் தகடுகளை அமைக்கும் நோக்குடன் மத்திய அரசு 2024-ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஐதராபாத்தின் அமீர்பேட் போன்ற நெருக்கமான பகுதிகளில் இம்முறை எழுப்பும் வினாக்கள் சிந்தனைக்குரியவை.

கூரையில் தகடு இருந்தால் மின்தடை நேரத்திலும் வீட்டில் விளக்கு எரியும் என்று பலர் எண்ணுகின்றனர். மின்கலம் இணைக்கப்படாத பொதுவான அமைப்பில் அவ்வாறு நிகழ்வதில்லை. தெருக்கம்பியில் மின்னோட்டம் நின்றவுடன் இன்வர்ட்டரும் தானே நின்றுவிடும். கம்பியில் பழுது பார்க்கும் தொழிலாளியின் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு. மேலும், ஒரே தெருவில் பல கூரைகள் நண்பகலில் மின்சாரத்தைக் கம்பிக்குள் செலுத்துமானால், கம்பியின் கடைக்கோடியில் மின்னழுத்தம் அளவுக்கு மேல் உயரக்கூடும். எனவேதான் மின்னழுத்தத்தைத் தாமே சீர்செய்யும் இன்வர்ட்டர்களிலும், சேமிப்பு மின்கலங்களிலும் ஆராய்ச்சியாளரின் கவனம் திரும்பியுள்ளது. இது வரவேற்கத்தக்கதே.

ஆயினும் கருவி மட்டும் போதாது. பீகார் மாநிலம் ஜஹானாபாத் மாவட்டத்தைச் சேர்ந்த தர்னை என்னும் சிற்றூரில் 2014-ஆம் ஆண்டு 100 கிலோவாட் திறனுள்ள சூரிய மின்னமைப்பு நிறுவப்பட்டது. பின்னர் அரசின் மின்சாரம் குறைந்த கட்டணத்தில் ஊருக்குள் வந்தது. மின்கலங்கள் பழுதுற்றன, அவற்றைப் புதுப்பிப்பார் இல்லை. சில ஆண்டுகளிலேயே அமைப்பு பயனற்றுப் போயிற்று. அங்கே குறைவுபட்டது சூரிய ஒளி அன்று. பராமரிப்பும் பொருளாதாரக் கணக்குமே.

தகட்டின் திறனை நூற்றுக்கு ஒரு பங்கு உயர்த்தும் ஆராய்ச்சிக்குள்ள மதிப்பு, மின்கலத்தின் ஆயுளையும் பழுது நீக்கும் எளிமையையும் ஆராய்வோருக்கும் கிட்டுதல் வேண்டும் என்பதே நமது கருத்து. கணிப்பொறிப் பயிற்சி நிலையங்களுக்குப் பெயர்பெற்ற அமீர்பேட்டில், இத்தொழிலையும் இளைஞர் கற்கலாகாதா?

களப்பணியாளர்கள் பழுதுகளைத் தேதியுடன் குறித்துவைத்தால், அக்குறிப்பே ஆராய்ச்சிக்கு மூலப்பொருளாகும். ஆசிரியர்கள் பள்ளிக் கூரையின் தகட்டையே பாடமாக்கலாம். இவ்விரு சாராரும் முன்வராவிடில், கூரைகள்தோறும் ஒரு தர்னை தோன்றுவதைத் தடுப்பது அரிது.