திண்ணை டிவிக்கு 55 இஞ்ச் எதுக்கு சாமி?

மக்களே, இன்னைக்கு கொஞ்சம் காரமான பதிவு. ஓசூர்ல டிவி விக்கிறவங்க, அதை வாய மூடிக்கிட்டு வாங்குறவங்க, ரெண்டு பேர் மேலயும் கடுப்பு.

வெளியூர்க்காரங்களுக்கு முதல்ல ஒரு விஷயம். வீட்டுக்கு வெளியே டிவின்னதும் பணக்கார பங்களான்னு நினைச்சுக்காதீங்க. சிப்காட்டைச் சுத்தி இருக்கிற லைன் வீடுகள்ல ஒரு ரூம், ஒரு கிச்சன், முன்னாடி ஷீட் போட்ட வராண்டா. அவ்ளோதான். நைட் ஷிப்ட் முடிச்சு வந்த மனுஷன் பகல்ல உள்ள தூங்கணும். பசங்க டிவி பாக்கணும். அப்ப டிவி வெளியில வராம என்ன பண்ணும்? இது ஆடம்பரம் இல்லீங்க, இடப் பிரச்சனை.

இப்படிப்பட்ட ஆளு கடைக்குப் போனா என்ன நடக்குது? 32 இஞ்ச் கேட்டா விற்பனையாளர் முகத்தைச் சுளிக்கிறார். "சார், 55 எடுங்க, 4கே, வட்டியில்லா தவணை, இப்ப ஜிஎஸ்டி வேற குறைஞ்சிருக்கு"ன்னு ஆரம்பிக்கிறார். குறைஞ்சது உண்மைதான். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய டிவிக்கு 28 சதவீதத்துல இருந்து 18 ஆச்சு. ஆனா 32 இஞ்ச் வரைக்கும் 2019 ஜனவரியிலேயே 18 தானே? அதை ஏன் சொல்ல மாட்டேங்கறாங்க? (இன்னும் சிலர் பெங்களூர்ல சீப்புன்னு அத்திப்பள்ளி தாண்டி ஓடுறாங்க. 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்ததுல இருந்து ரெண்டு பக்கமும் ஒரே வரி. பெட்ரோல் காசுதான் தண்டம்.)

சரி, 4கேக்கு வருவோம். நல்ல பார்வை உள்ள கண்ணுக்கே 32 இஞ்ச் ஹெச்டி ரெடி டிவியில ஆறடி தள்ளி உக்காந்தா புள்ளிகள் தனித்தனியா தெரியாது. 43 இஞ்ச் ஃபுல் ஹெச்டிக்கும் கிட்டத்தட்ட அதே ஆறடிதான். வராண்டாவுல சுவத்துல மாட்டிட்டு ஏழெட்டடி தள்ளி பாய் விரிச்சு உக்கார்றவருக்கு 4கே வித்து யாரை ஏமாத்துறீங்க?

வெளியில உண்மையா தேவைப்படுறது வெளிச்சம். சாதாரண டிவி சுமார் 250, 300 நிட்ஸ். பகல் வெளிச்சத்துல அது மங்கிடும். இதுக்குன்னே செஞ்ச டிவி இருக்கு. சாம்சங் 2020ல அமெரிக்காவுல 'தி டெரஸ்'னு விட்டாங்க, தண்ணி தூசு தாங்கும், ஆனா 55 இஞ்ச் அன்னைக்கு 3,500 டாலர். நம்ம கதைக்கு ஆகாது. கடையில காட்டுற சாதா 55 இஞ்சுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. சைஸ் பெருசானா வெளிச்சம் கூடிடாது சாமி! மேற்கு பாத்து மாட்டாம, வெயில் திரையில விழாம, ஒரு மூங்கில் தட்டி கட்டுனா 32 இஞ்சே பளிச்சுனு தெரியும். நேர் வெயில் பட்டா எல்சிடி திரை சூடாகி கருப்பு கருப்பா திட்டு விழும், அதுக்காகவும் தட்டி வேணும்.

"பெருசா வாங்குனா பத்து வருஷம் உழைக்கும்"னு ஒரு வாதம். உள்ள வெச்சா சரி. வெளியில மழைச் சாரல், மார்கழிப் பனி, ரோட்டுப் புழுதி, ராத்திரி லைட்டுக்கு வர்ற பூச்சி, பின்னாடி ஓட்டையில குடியேறுற பல்லி. எந்த சாதா டிவிக்கும் அங்க ஆயுசு கம்மிதான். தண்ணி போனா வாரண்டியும் கைய விரிச்சிடும். போகப்போற பொருளுக்கு ஏன் ஒண்ணரை வருஷம் தவணை கட்டணும்?

2006ல ஆட்சிக்கு வந்த கலைஞர் குடுத்த இலவச டிவி ஞாபகம் இருக்கா? வெறும் 14 இஞ்ச். திண்ணையில தூக்கி வெச்சு பாதித் தெரு பாத்துச்சு. யாரும் சின்னதுன்னு எந்திரிச்சுப் போகல.

எனக்கு உண்மையான கோபம் வேற இடத்துல. முப்பது நாப்பதாயிரம் டிவிக்குப் போடுறாங்க, அதுக்குக் கரண்டு ஜன்னல் வழியா ஒரு ஒட்டுப்போட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல வருது! மேல தகர ஷீட், அதைத் தாங்க இரும்புத் தூண், கீழ ஈரத் தரை, அந்தத் தூணைப் புடிச்சு சுத்துற குழந்தை. வயர் கசிஞ்சா என்ன ஆகும்னு ஹவுஸ் ஓனரும் யோசிக்கல, கடைக்காரரும் சொல்லல. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒண்ணு, ஒழுங்கான எர்த், தரையில இருந்து மேல தள்ளி ஒரு பிளக் பாயிண்ட். எல்லாம் சேத்து அந்த 55க்கும் 32க்கும் உள்ள வித்தியாசத்துல தாராளமா அடங்கும். மிச்சக் காசுல மழைக்கு ஒரு ரெக்சின் உறை தைக்கலாம். (டிவி ஓடும்போது உறையை எடுத்துடுங்க, சூடாகும்.) இடி இடிச்சா பிளக்கோட டிஷ் வயரையும் கழட்டணும், நிறைய பேர் வயரை விட்டுடறாங்க.

ஓனர் வயரிங் செய்ய மாட்டேன்னா? டிவி வாங்குறதைத் தள்ளிப் போடுங்க. அட்வான்ஸ் மட்டும் லட்சத்துல வாங்குறவருக்கு ஒரு ஆர்சிசிபி போட வலிக்குதுன்னா, லைன்ல இருக்கிற எல்லாக் குடும்பமும் சேந்து போய்க் கேளுங்க.

டிஸ்கி: ஐபிஎல் நேரத்துல எங்க லைன்ல பாதி சென்னை, பாதி ஆர்சிபி. டிவிய யாருக்கும் கை எட்டாத உயரத்துல மாட்டுறது நல்லது :-)