முதல் வகுப்பு ஏன் கடைசியில்?

ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு 2021 நவம்பர் 1 முதல் பள்ளிகள் திறக்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. மூன்றாவது அலை குறித்த அச்சம் நீங்காத அந்த வேளையில், அந்த அறிவிப்பு வரவேற்பையும் எதிர்ப்பையும் ஒருசேரப் பெற்றது. ஆனால், விவாதம் 'திறக்கலாமா, கூடாதா' என்பதிலேயே சுழன்றது. 'எப்படித் திறப்பது' என்பதைப் பற்றிப் பேச எஞ்சியிருந்தவை சில வாரங்களே.

அதுவரை பள்ளிகள் திறக்கப்பட்ட வரிசையைக் கவனிக்க வேண்டும். 2020 மார்ச்சில் மூடப்பட்ட பிறகு, 2021 ஜனவரி 19-இல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளும், பிப்ரவரி 8-இல் ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்புகளும் திறக்கப்பட்டன. இரண்டாம் அலை தணிந்த பின் செப்டம்பர் 1-இல் மீண்டும் அதே நான்கு வகுப்புகளுக்கே முன்னுரிமை. திரையரங்குகள்கூட ஆகஸ்ட் 23-ஆம் தேதியே பாதி இருக்கைகளுடன் இயங்கத் தொடங்கிவிட்டன. இந்த வரிசையைப் பெரிதும் தீர்மானித்தது தொற்றின் இயல்பு அன்று, பொதுத்தேர்வு.

பெரிய பிள்ளைகள் முகக்கவசத்தை ஒழுங்காக அணிவர் என்னும் வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. எனினும், தொடக்கப் பள்ளிகளை முதலில் திறப்பதே சரியாக இருக்கும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் அப்போதைய தலைவர் பல்ராம் பார்கவா 2021 ஜூலையிலேயே கூறினார். அக்கவுன்சிலின் நான்காவது குருதிப் பரிசோதனை ஆய்வில், ஆறு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளில் 57.2 சதவீதத்தினரிடம் எதிர்ப்பாற்றல் ஏற்கெனவே காணப்பட்டது. டென்மார்க் 2020 ஏப்ரலில் சிறு குழந்தைகளையே முதலில் பள்ளிக்கு அழைத்தது.

பொருளியலில் 'வாய்ப்புச் செலவு' என்றொரு கருத்து உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் நாம் இழக்கும் மற்றொன்றின் மதிப்பே அது. பள்ளியை மூடிவைப்பதற்குச் செலவு ஏதுமில்லை என்று எண்ணுவதுதான் நம் கணக்கில் உள்ள பெரும் பிழை. பொருளியல் அறிஞர் ழான் த்ரேஸ் உள்ளிட்டோர் 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் வசதி குறைந்த குடும்பங்களின் ஏறத்தாழ 1,400 குழந்தைகளிடையே நடத்திய ஆய்வு 2021 செப்டம்பரில் வெளியானது. அதன்படி, கிராமப்புறத்தில் இணையவழியில் முறையாகப் படித்தவர்கள் 8 சதவீதம் மட்டுமே. 37 சதவீதத்தினர் அறவே படிக்கவில்லை. பதினைந்து வயதில் விட்டுப்போன பாடத்தைப் பிறகு படித்துக்கொள்ள இயலும். எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்காத குழந்தைக்கு, அடுத்து வரும் எல்லா வகுப்புகளும் சுமையாகிவிடும். 2020-இல் முதல் வகுப்பில் சேர்க்கப்பட்ட குழந்தை, வகுப்பறையையே காணாமல் 2021-இல் இரண்டாம் வகுப்பு மாணவர் ஆனது.

அதற்காக அவசரப்பட்டுத் திறந்துவிட முடியாது. 2020 மே மாதம் இஸ்ரேல் பள்ளிகளைத் திறந்த சில நாள்களில், ஜெருசலேமின் ஒரு பள்ளியில் தொற்று பெருமளவில் பரவியது. நெருக்கமான வகுப்பறைகள், வெப்ப அலையின்போது தளர்த்தப்பட்ட முகக்கவச விதி, மூடிய அறைகளில் இயங்கிய குளிரூட்டிகள் ஆகியவை காரணங்களாகச் சுட்டப்பட்டன. காற்றின் வழியே பரவும் நோய்க்கு மேசையைத் துடைப்பதைவிட சன்னலைத் திறப்பதே முதல் மருந்து என்பது அதிலிருந்து பெறும் பாடம்.

நமக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. நவம்பர், வடகிழக்குப் பருவமழைக் காலம். மரத்தடி வகுப்புகள் நடவாது. சாரல் அடித்தால் சன்னல்கள் சாத்தப்படும். எனவே, சன்னலுக்கு மேல் மழைத்தடுப்பு, கூரை ஒழுகாத வராந்தா ஆகியவற்றுக்கு இப்போதே நிதி ஒதுக்க வேண்டும். மதிய உணவின்போது எல்லாக் குழந்தைகளும் முகக்கவசத்தைக் கழற்றுவர். ஆகவே, உணவு நேரத்தை வகுப்புவாரியாகப் பிரிப்பது அவசியம்.

சுழற்சி முறையிலும் கவனம் தேவை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வகுப்பு என்றால் இடைவெளி கிடைக்கும். கற்கும் நேரமோ பாதியாகும். அதனை எல்லா வகுப்புகளுக்கும் ஒரே விதியாக்காமல், ஒன்று, இரண்டாம் வகுப்புகளை நாள்தோறும் நடத்தி, மேல் வகுப்புகளைச் சுழற்சியில் வைக்கலாம். ஈராசிரியர் பள்ளிகளில் இதற்குக் கூடுதல் கைகள் வேண்டும். தற்காலிக ஆசிரியர்களை உள்ளூரிலேயே நியமிக்கலாம்.

குழந்தைக்கு நோய் கடுமையாகாது என்றாலும், வீட்டிலுள்ள தாத்தா பாட்டிக்கு அது பரவாதா என்ற கேள்வி நியாயமானது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்குத் தடுப்பூசி தொடங்காத அன்றைய நிலையில், குழந்தைகளைச் சுற்றியிருந்த பெரியவர்களே கவசம். அப்போது வாரந்தோறும் நடைபெற்ற மாபெரும் தடுப்பூசி முகாம்களில் ஆசிரியர், சத்துணவுப் பணியாளர், தூய்மைப் பணியாளர், வாகன ஓட்டுநர் ஆகியோருடன், மாணவர் வீட்டு முதியோரின் பட்டியலையும் பள்ளிவாரியாகத் தயாரித்து விடுபட்டோரைத் தேடிச் சென்றிருக்கலாம்.

எப்போது மூடுவது என்பதையும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ஒரு மாணவருக்குத் தொற்று என்றால் அந்த வகுப்புக்கு மட்டும் விடுமுறை. பல வகுப்புகளில் பரவினால் அந்தப் பள்ளிக்கு. எங்கோ ஒரு பள்ளியில் தொற்று என்பதற்காக மாநிலம் முழுவதும் பூட்டுப் போடும் வழக்கம் தொடரக் கூடாது. விதி தெளிவாக இருந்தால் பெற்றோரின் அச்சம் குறையும், வதந்திக்கும் இடமிராது.

இன்னோர் அலை வந்தால், மீண்டும் சிலவற்றை மூட நேரலாம். அப்போது கடைசியாக மூடப்படுவதும் முதலில் திறக்கப்படுவதும் தொடக்கப் பள்ளியாக இருக்கட்டும்.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர், ஓய்வு)