புதிய பாக்டீரிய இனம்: பெயருக்கு முன் ஒப்பீடு

பெங்களூரில் அல்சூரை அடுத்த ஜோகுபாளையத்துத் தோட்ட மண்ணில் ஒரு கிராம் எடுத்தாலும் அதில் கோடிக்கணக்கான பாக்டீரியங்கள் இருக்கும். அவற்றுள் மிகச் சிறு பகுதியே ஆய்வுக்கூடத் தட்டில் வளரக்கூடியது. எனவே, அறிமுகமில்லாத நிறத்தில் ஒரு திரள் தோன்றியதும் ‘புதிய இனம்’ என்று கருதத் தோன்றுவது இயல்பே. ஆயினும், அறியப்பட்டவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும்வரை எதனையும் புதிது என்று கூற இயலாது.

இதற்கு இந்திய மண்ணே சான்று தருகிறது. 1939இல் ஸ்டார்க்கி, தே ஆகிய இருவரும் நம் நெல் வயல் மண்ணிலிருந்து நைட்ரஜனை நிலைப்படுத்தும் பாக்டீரியம் ஒன்றைப் பிரித்தெடுத்து, அதனை அசோட்டோபாக்டர் பேரினத்தில் சேர்த்தனர். ஆனால் அசோட்டோபாக்டர் நன்கு வளராத அமில நிலையிலும் அது வளர்ந்தது. 1950இல் டெர்க்ஸ் என்னும் அறிஞர் அதனைப் பெய்ஜெரிங்கியா என்னும் தனிப் பேரினமாக்கினார். 1960இல் இந்திய மண்ணிலிருந்து விவரிக்கப்பட்ட மற்றொரு நைட்ரஜன் பாக்டீரியம் அவர் நினைவாக டெர்க்சியா எனப் பெயர் பெற்றது. இம்மூன்றும் செய்யும் தொழில் ஒன்றே. எனினும் இன்றைய மரபணு ஆராய்ச்சி இவற்றை மூன்று வெவ்வேறு வகுப்புகளில் வைத்துள்ளது. தொழிலை மட்டும் கண்டு உறவை முடிவுசெய்தல் தகாது என்பது இதனால் விளங்கும்.

இன்று 16எஸ் ரைபோசோம் மரபணுவின் ஒற்றுமை ஏறத்தாழ 98.7 விழுக்காட்டுக்குக் குறைந்தால் புதிய இனமாக இருக்கலாம் என்று கொள்வர். அதற்கு மேற்பட்டாலும் ஒரே இனம் என்று உறுதியாகாது. அப்போது முழு மரபணுத் தொகுதிகளை ஒப்பிடுதல் வேண்டும். அங்கு 95 முதல் 96 விழுக்காடு வரையிலான ஒற்றுமையே இனத்தின் எல்லை. மேலும், மூல வளர்ப்பை இரு வேறு நாடுகளின் சேமிப்பகங்களில் உயிருடன் ஒப்படைத்தல் பன்னாட்டு விதி. புதிய இனத்தின் மாதிரியைக் குறிப்பிட்ட நிறுவனத்தில் ஒப்படைக்குமாறு நம் நாட்டின் 2002ஆம் ஆண்டு உயிரியற் பன்மைச் சட்டமும் பணிக்கிறது.

மரபணு வரிசையே போதும், உயிருள்ள வளர்ப்பு எதற்கு என்பாரும் உளர். வளர்க்க இயலாத உயிர்களுக்கு அது பொருந்தும். வளரக்கூடியதையும் இழந்துவிட்டால், அமிலத்தில் அது வளருமா என்பது போன்ற கேள்விகளுக்கு விடை காண இயலாது. அமில நிலத்து உழவருக்கு இனம் தெரியாமல் நுண்ணுயிர் உரத்தை வழங்கினால் அவர் செலவு வீணாகும்.

ஆகவே, களப் பணியாளர் மண் புட்டியின்மேல் வெறும் எண்ணை எழுதுதல் போதாது. இடம், ஆழம், நாள், பயிர், அமில காரநிலை ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். பாகுபாட்டின் முதல் பக்கம் அக்குறிப்பே. முன்பே அறியப்பட்ட இனத்தைச் சரியாக இனங்கண்ட மாணவனையும் ஆசிரியர் பாராட்டுதல் வேண்டும். அது தோல்வியன்று, புதியதை ஒருநாள் உறுதியாகக் கூறுவதற்கு அதுவே பயிற்சி.