விலை இறங்கியது, நம்பிக்கையும் இறங்கியது

பிரிட்டனின் பிட் டிவி, பிரைஸ் டிராப் டிவி என்ற இரண்டு விற்பனை சேனல்கள் 2014 ஏப்ரலில் ஒன்றாக நின்றுபோயின. அவற்றை நடத்திய நிறுவனம் நொடித்து, திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனது. இணைய வணிகம்தான் விழுங்கிவிட்டது என்று இதற்கு எளிதாகக் காரணம் சொல்லிவிடலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அந்தச் சேனல்கள் பொருளை விற்ற முறையிலேயே இருக்கிறது.

2000 அக்டோபரில் ‘பிட்-அப் டிவி’ என்ற பெயரில் முதல் சேனல் தொடங்கியபோது காலம் கைகொடுத்தது. 1998-ல் வந்த ஸ்கை டிஜிட்டல் சேவை நூற்றுக்கணக்கான சேனல்களுக்கு இடம் திறந்திருந்தது. 2002-ல் ஃப்ரீவியூ என்ற இலவசச் சேவை வந்ததும் மாதச் சந்தா கட்டாத வீடுகளுக்குள்ளும் நுழைய வழி பிறந்தது. 2003-ல் பிரைஸ் டிராப் சேர்ந்துகொண்டது. அதிவேக இணையம் அப்போது பெரும்பாலான வீடுகளை எட்டவில்லை. திரையில் பார்க்கும் கைக்கடிகாரம் வெளியே என்ன விலை என்று உட்கார்ந்த இடத்திலேயே ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. லாபம் தெரிந்ததும், 2005-ல் டெலிவெஸ்ட் என்ற கேபிள் நிறுவனம் இந்தத் தொழிலை வாங்கியது. பின்னர் அது வர்ஜின் மீடியாவின் உடைமையாகி, 2009-ல் ஜெர்மனியின் ஆரேலியஸ் குழுமத்துக்குக் கைமாறியது.

இந்தச் சேனல்களின் அடையாளமாக ஆனது விலை இறங்கும் ஏலம். திரையில் பெரிய எழுத்தில் ஒரு விலை. அது படிப்படியாகக் குறையும். பக்கத்திலேயே மீதமுள்ள எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வரும். தொகுப்பாளர் மூச்சுவிடாமல் பேசுவார். சரக்கு தீரும்போது எந்த விலை நிற்கிறதோ, அதுவே எல்லோருக்கும் விலை. முதலில் அழைத்தவருக்கும் நஷ்டமில்லை என்பதால் ஏற்பாடு நியாயமாகவே தோன்றும். ஆனால், எத்தனை பொருள் கையிருப்பில் இருக்கிறது, எந்த வேகத்தில் விலை இறங்கும் என்பதெல்லாம் விற்பவருக்கு மட்டுமே தெரியும். யோசிக்க நேரம் தராமல் இருப்பதுதான் இந்த வியாபாரத்தின் உயிர். போதாததற்கு, திரையில் இறங்கிய விலையோடு அனுப்பும் செலவும் தொலைபேசிக் கட்டணமும் வந்து சேரும். மலிவான பொருளுக்கு அந்தக் கூடுதல் செலவே பெரும் சுமை.

வீட்டில் தனியாக, பேச்சுத்துணையின்றி இருப்பவர்களுக்கு இந்தச் சேனல்கள் உறவுபோல ஆகிவிடுகின்றன. தினமும் பார்க்கும் முகம் சொல்வதை நம்பத் தோன்றும். அந்த நம்பிக்கையை அவசரப்படுத்திக் காசாக்குவது எனக்குக் கொடுமையாகவே படுகிறது.

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. ஆக்‌ஷன்வேர்ல்டு என்ற போட்டிச் சேனல், பொருளைத் தாமதமாக அனுப்பியதற்கும் திசைதிருப்பும் விலைகளைக் காட்டியதற்கும் 2004-ல் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காமிடம் 4,50,000 பவுண்டு அபராதம் வாங்கி, உரிமத்தையும் இழந்தது. பிட் டிவி நிறுவனம் அதிலிருந்து பாடம் கற்கவில்லை. தவறான விலை ஒப்பீடுகள் குறித்து விளம்பரத் தர ஆணையம் திரும்பத் திரும்பக் கண்டித்தது. திருந்தாததால் விவகாரத்தை ஆஃப்காமுக்கே அனுப்பியது. அதற்குள் மக்கள் கையில் திறன்பேசி வந்துவிட்டது. சேனல் சொன்ன ‘வெளிச்சந்தை விலை’யை ஒரு நொடியில் சரிபார்க்க முடிந்தது. மறைத்து நடந்த வியாபாரம் வெளிச்சத்தில் நிற்க முடியவில்லை.

1993-ல் பிரிட்டனில் தொடங்கிய க்யூவிசி என்ற விற்பனை சேனல் அதே இணைய அலையைத் தாண்டி இன்றும் ஒளிபரப்பாகிறது. குறிப்பிட்ட நாளுக்குள் பொருளைத் திருப்பித் தந்து பணம் பெறலாம் என்பது அதன் வாக்குறுதி. தொலைக்காட்சியை விட்டு மக்கள் விலகுவதால் அதற்கும் நெருக்கடி உண்டு. ஆனாலும், வாங்கியவர் மனம் மாற இடம் கொடுத்த கடைக்கு ஆயுள் கூடியிருக்கிறது.

பிட் டிவி போய்விட்டது. அதன் உத்தி போகவில்லை. 2021-ல் பிரிட்டனுக்கு வந்த டிக்டாக் ஷாப்பில் நேரலை விற்பனை மும்முரமாக நடக்கிறது. குறிப்பிட்ட நேரம்தான் கிடைக்கும் என்று பொய் சொல்லி அவசரப்படுத்துவதை 2008-லேயே பிரிட்டன் சட்டம் தடைசெய்தது. தவிர்க்க முடியாத கட்டணங்களை முதலில் காட்டும் விலையிலேயே சேர்க்க வேண்டும் என்கிறது 2024-ம் ஆண்டின் சட்டம். மீறினால் உலகளாவிய விற்றுவரவில் 10% வரை அபராதம் விதிக்கலாம். பிட் டிவி காலத்தில் இவ்வளவு கூர்மையான பல் கண்காணிப்பாளர்களிடம் இல்லை. இப்போது இருக்கிறது. புகார்கள் குவியும்வரை காத்திருக்காமல், நேரலை விற்பனையாளர்களின் கையிருப்புக் கணக்கையும் விலை ஒப்பீட்டையும் முன்கூட்டியே சோதிக்க வேண்டும். ஏமாந்தவர்கள் விலகிப்போய்க் கடை தானாக மூடுவதை நியாயம் கிடைத்ததாகக் கொள்ள முடியாது; அதற்குள் அவர்களின் பணம் போய்விட்டிருக்கும்.