பெயர் கிடைத்தால் பிரி

காமர்ஸ் படிக்கிறவனுக்கு புரோகிராம் எதற்கு என்று கேட்காதீர்கள். தெரிந்த கடைக்காரர் ஒருவருக்கு பில் போட ஜாவாவில் எழுதிக் கொடுத்தேன். ஒரே மெத்தட், 200 லைன். தள்ளுபடி, ஜிஎஸ்டி, ரவுண்ட் ஆஃப், பிரிண்ட் எல்லாம் அதற்குள்ளேயே.

ஒருநாள் வரி கூடுதலாக விழுந்தது. கண்டுபிடித்தது கடைக்காரர், நான் இல்லை :-( 1000 ரூபாய் பொருளுக்கு பில்லிலேயே 100 தள்ளுபடி கொடுத்தால், 18% வரி 900க்குத்தான், அதாவது 162. என் புரோகிராம் 180 போட்டது. வரி 40ஆவது லைனில், தள்ளுபடி 130இல். இரண்டையும் ஒரே திரையில் பார்க்கவே முடியாது!

பிறகு நான்காகப் பிரித்தேன்: தள்ளுபடியைக்கழி, வரியைக்கணக்கிடு, ரவுண்ட்செய், பில்லைஅச்சிடு. மார்ட்டின் ஃபௌலர் 1999இல் 'ரீஃபாக்டரிங்' புத்தகத்தில் இதை 'எக்ஸ்ட்ராக்ட் மெத்தட்' என்கிறார். பிரிக்கும்போது விடை மாறக்கூடாது என்பது விதி. அதனால் பிரித்த பின்பும் அதே தப்பான 180 வருகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் வரிசையை மாற்றினேன். இப்போது கடைக்காரரே படித்தாலும் எது முதலில் என்று புரியும்.

அதற்காக எல்லாவற்றையும் பொடிப்பொடியாக வெட்டினால், படிக்கிறவர் அங்குமிங்கும் தாவியே களைத்துவிடுவார். 2018இல் ஜான் ஔஸ்டர்ஹௌட்டும் தன் புத்தகத்தில் இதை எச்சரித்தார். என் அளவுகோல் லைன் கணக்கு அல்ல, பெயர். உள்ளே போய்ப் பார்க்காமலே வேலை புரிகிற பெயர் கிடைத்தால் பிரியுங்கள். 'வேலை2' என்றுதான் வைக்க முடிகிறதா? அது இனம் தெரியாத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளுகிற மாதிரி. டேலி ஆகும், விளங்காது.