குறையுடைய மாந்தரும் நிறைவுடைய நாடகமும்

அமெரிக்கத் திரையிலும் தொலைக்காட்சியிலும் கறுப்பின மக்கள் நெடுங்காலம் ஏவலாளராகவோ கொடியவராகவோ காட்டப்பட்டனர். இப்பிழையைத் திருத்தப் புகுந்தோருட் சிலர் குற்றமே அறியாத உத்தமரைப் படைத்தனர். அதுவும் முழுமனிதரைக் காட்டியதாகாது.

இக்குறை நீங்க எழுந்த நாடகங்களுள் ‘த வயர்’ தலையாயது என்பது எமது துணிபு. 2002 முதல் 2008 வரை ஐந்து பருவங்களில் 60 பகுதிகளாக எச்.பி.ஓ. ஒளிபரப்பிய இதனை ஆக்கியவர், பால்டிமோர் நகரிற் பத்திரிகை நிருபராயிருந்த டேவிட் சைமன். அவருக்குத் துணைநின்ற எட் பேர்ன்ஸ், பொலிஸ் துப்பறிவாளராகவும் பின்னர் ஆசிரியராகவும் பணியாற்றியவர்.

ஓமார் என்பான் போதைப்பொருள் வணிகரையே கொள்ளையிடுபவன், ஆயினும் அத்தொழிலிற் சேராதாரைத் துன்புறுத்தான், இழிசொல்லும் வழங்கான். ஸ்ட்ரிங்கர் பெல் மாலையிற் பொருளியல் பயில்கின்றான். நேர்மையான வணிகனாக மதிக்கப்பட விழைகின்றான். அவனே கொலைக்கும் ஆணையிடுகின்றான். இவர்களை முற்றாக வெறுத்தலும் அரிது, போற்றுதலும் அரிது. கோவலனைக் கற்ற நமக்கு இவ்வனுபவம் புதிதன்று.

நிற்க. 2006ஆம் ஆண்டின் நான்காம் பருவம் ஆசிரியர் ஒவ்வொருவரும் காணத்தக்கது. களம் ஒரு பாடசாலை. மைக்கேல், நேமண்ட், ராண்டி, டூக்கி என்னும் நான்கு சிறுவரே கதைமாந்தர். பொலிஸ் சேவையினின்று வந்த புதிய கணித ஆசிரியர், சூதாட்டக் காய்களைக் கொண்டு நிகழ்தகவு கற்பிக்க, சோர்ந்திருந்த வகுப்பு விழித்தெழுகின்றது. மாநிலப் பரீட்சை நெருங்கவோ, கற்பித்தல் வினாப் பயிற்சியாகச் சுருங்குகின்றது. உடுக்கவும் உண்ணவும் வழியற்ற டூக்கி, அவ்வாசிரியரின் பரிவினாலே தளிர்க்கின்றான். மேலிடத்துக் கட்டளை அவனை இடையிலே உயர்பாடசாலைக்கு ஏற்றிவிடுகின்றது. ஏடுகளில் அது தேர்ச்சி. அவனுக்கோ புகலிடம் இழந்த நாள். அவன் ஈற்றில் போதைக்கு இரையாகின்றான். நால்வருள் நேமண்ட் ஒருவனே கரையேறுகின்றான். அதுவும், முன்னாட் பொலிஸ் அதிகாரி ஒருவர் அவனைத் தம் இல்லத்தில் ஏற்றமையால். எஞ்சிய மூவரும் அறிவிற் குறைந்தவரல்லர். அவர்களுக்கு அத்தகைய கை வாய்க்கவில்லை.

கொச்சைமொழியும் கொடுஞ்செயலும் இந்நாடகத்தில் மிகுதி என்பர், மெய்யே. ஆதலின் சிறாருக்கு இது ஏற்றதன்று. உயர்வகுப்பினர் மூத்தோர் துணையுடன் காண்க. ஆசிரியரும் பழைய மாணவரும் அவசியம் காண்க. வகுப்பறையின் கடைசி வாங்கில் அமர்ந்திருப்பவனை ‘உதவாதவன்’ எனத் தீர்ப்பிடுமுன், டூக்கியின் முகம் நம் நினைவில் எழுமாயின், அந்நாடகம் கண்ட பயன் அதுவேயாம்.